சுவர்க் கம்பளி

பவானிபூரில், ஜகுபாபு பஜாருக்குப் பின்புறச் சந்தில், கோமதி ஸ்டோர்ஸ் என்ற மளிகைக் கடையின் மாடி வீட்டுத் தெற்குச் சுவரில் ஓர் ஆடி மாதம் கம்பளி முளைத்தது. தொடக்கத்தில் எல்லோரும் அதைப் பாசி என்றே எண்ணினார்கள். கல்கத்தாவின் மழைக்காலச் சுவர்களில் அரசங்கன்று முளைக்கும், பெரணி முளைக்கும், தேர்தல் வந்தால் சின்னங்கள் முளைக்கும். ஆகவே சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது விரல் நீளம் வளர்ந்து, நுனி சுருண்டு, மழை ஓய்ந்த ஒரு மதியத்தில் நனைந்த ஆட்டின் வாடையைச் சந்து முழுக்கப் பரப்பியபோதுதான் எதிர்வீட்டு ஹோமியோபதி டாக்டர் சன்னலைச் சாத்திக்கொண்டு, இது கம்பளி என்று அறிவித்தார். அந்த ஆண்டு இலிஷ் மீன் வரத்துக் குறைவு, விலையும் எட்டவில்லை. சந்தில் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம் இருந்தது.

மாநகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். முளைத்தது செடியானால் ஓர் இலாகா, விலங்கானால் வேறோர் இலாகா. இது இரண்டிலும் சேராததால், கடைக்காரர் சுப்பு கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பார்வையிட்டாயிற்று என்று சொல்லிப் போய்விட்டார்கள். பேட்டையின் பாடா கிளப் பையன்கள் அந்தச் சுவரையே துர்கா பூஜைப் பந்தலின் பின்னணியாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். சுப்பு கொடுத்தார். அவருடைய குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அதே சந்தில் காப்பித்தூளும் அப்பளமும் இட்லி அரிசியும் விற்கிறது. கூட்டம் வந்தால் கடைக்கு நல்லது என்பது அவர் கணக்கு. கூட்டம் வந்தது. சப்தமியிலிருந்து தசமிவரை ஜனங்கள் வரிசையில் நின்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு, சுவரைத் தடவிப் பார்த்து, கையை முகர்ந்துகொண்டு போனார்கள். அந்த நாட்களில் சுப்புவின் மனைவி பிரபா தலைவலி என்று சொல்லி மாடியை விட்டு இறங்கவில்லை.

சந்திலேயே அந்தக் கம்பளியைக் கண்டு வியக்காதவள் பிரபா ஒருத்திதான். வியக்கவில்லை என்பதைவிட, பயந்துபோயிருந்தாள் என்பதே சரி. அது யார் வீட்டுக் கம்பளி என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும்.

பிரபா நகரத்தின் தென்கோடியில் இருந்த ஒரு ஃபேஷன் கல்லூரியில் பேராசிரியை. உலகத்தில் உடுத்தத் தேவையான துணியைவிடக் குப்பைக்குப் போகும் துணி அதிகம், பெட்ரோலியத்திலிருந்து திரித்த நூலை உடுத்திக்கொண்டு நாம் ஆற்றையும் கடலையும் அடைக்கிறோம், அவரவர் மண்ணில் விளையும் நாரை அவரவர் உடுத்தினால் பாதித் தொல்லை தீரும் என்பது அவள் நடத்திய பாடம். அதை அவள் ஒப்புக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வங்காளத்தின் உள்ளூர்க் கம்பளியை ஆராய அவளுக்கு நிதி கிடைத்தது. வங்காளத்துக்கு ஏது கம்பளி என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஆனால் சுந்தரவனத் தீவுகளில் கரோல் என்றொரு குள்ள ஆட்டினம் உண்டு. சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் முழங்காலளவு இறங்கி நின்று மேயும், ஒரே பேற்றில் இரண்டு மூன்று குட்டி போடும். முட்டாளைத் திட்டவும் வங்காளிகள் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். கறிக்காக வளர்ப்பதுதான் வழக்கம். கம்பளி முரடு என்பதால் கத்தரித்துச் சேற்றில் வீசிவிடுவார்கள். வீசுகிற அதைத்தான் பிரபா தேடிக்கொண்டு போனாள்.

அவள் போய்ச் சேர்ந்த ஊர் நோனாபாடா. அங்கே ஆரம்பப் பள்ளியின் வராந்தாவில் பெண்களைக் கூட்டி வைத்து, இந்தக் கம்பளியில் சால்வை நெய்யலாம், கிடாக்களைப் பெருநாள் சந்தைக்குத் தள்ளிவிடாமல் வைத்துக்கொண்டால் வருடா வருடம் கம்பளி வரும் என்று நல்ல வங்காள மொழியில் எடுத்துச் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் சொல்கிறார்கள், கடைசியில் இதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். பிரபாவுக்கு அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் வார்த்தை தானாக வந்தது. “இந்தத் தீவுல முளைக்கிற கம்பளி மொத்தமும் இனி என் பொறுப்பு” என்றாள். அப்போதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்பனா மண்டல் என்பவள்தான் எழுந்து நின்று, திதிமணி சொன்னால் சொன்னதுதான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அங்கே ஆசிரியைகளைத் திதிமணி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்பனா சொன்ன பிறகு மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

முதல் வருடக் கம்பளி கல்கத்தாவுக்கு வந்தது. அதிலிருந்து சில சால்வைகளும் ஒரு நீண்ட அங்கியும் உருவாயின. கண்காட்சி நடந்தது, படங்கள் வெளிவந்தன, பிரபா டென்மார்க் வரை போய்ப் பேசிவிட்டு வந்தாள், துறைத்தலைவி ஆனாள். ஆனால் சால்வையைத் தொட்டுப் பாராட்டியவர்களில் ஒருவரும் தோளில் போட்டுக்கொள்ளவில்லை. அது குத்தியது. நிதியும் அதற்கான காலம் முடிந்ததும் நின்றது. இரண்டாம் வருடக் கம்பளி தயார் என்று கல்பனா ஃபோன் செய்தபோது பிரபா, “பார்க்கிறேன் கல்பனா” என்றாள். இல்லை என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அடுத்த முறையும் பார்க்கிறேன் என்றாள். அதற்கடுத்து ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். மேசைமேல் சத்தமில்லாமல் கல்பனாவின் பெயர் ஒளிர்ந்து அணையும். வகுப்பில் இருந்தால் ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பாள். பிறகு தொற்று வந்தது, புயல் வந்தது, அழைப்புகள் நின்றன. அழைப்புகள் நின்றபோது தனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் பிரபாவின் நெஞ்சில் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகத் தைத்திருந்தது.

ஆகவே சுவரில் முதல் சுருள் தெரிந்த அன்றே அவள் ஆள் வைத்துச் சுரண்டினாள். வளர்ந்தது. மழை தாங்கும் வெளிர்மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். கம்பளி அந்த வெளிர்மஞ்சள் நிறத்திலேயே வெளியே வந்து, பத்துப் பதினைந்து நாளில் பழைய சாம்பலுக்குத் திரும்பியது.

“ஏன் பிரபா, இது ஆட்டு ரோமம் மாதிரில்லா இருக்கு?” என்று சுப்பு கேட்டார்.

“ஏதோ காளானுங்க. லேப்ல பாத்துட்டுச் சொல்றேன்.”

லேபில் நுண்ணோக்கியின் கீழ் அது கரோல் கம்பளிதான் என்பதில் சந்தேகமே இல்லை. தடித்த இழை, நடுவில் ஓட்டை, மேலே செதில். வீட்டுக்கு வந்து, காளான்தான் என்றாள் பிரபா. சுப்பு சரி என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டையை நகர்த்தப் போனார்.

பூஜை முடிந்து பந்தல்காரர்கள் விட்டுப்போன மூங்கில்களைச் சாரமாகக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிரபாவே ஏறி, தையல் கத்தரிக்கோலால் சுவரைக் கத்தரித்தாள். வெட்டிய கம்பளியை மூட்டை கட்டிக் கடையின் கோடவுனில், சாந்த்ராகாச்சியில் ரயிலிறங்கி வரும் அப்பளக் கட்டுகளுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். காப்பித்தூளில் ஆட்டு வாடை வருகிறது என்று பெஹாலாவிலிருந்து வரும் பழைய வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். கொஞ்ச நாளில், அந்த வாடை இல்லாத காப்பி சப்பென்று இருக்கிறது என்றார்கள்.

விஷயம் கல்லூரிக்கு எட்டாமல் இருக்குமா? இயக்குநர் குருபிரசாத் ஒருநாள் நேரில் வந்து, சாரத்தின்மேல் ஏறி, கம்பளியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு இறங்கினார். முகம் மலர்ந்திருந்தது. “மேடம், ஆடு இல்லாத கம்பளி. மேய்ச்சல் நிலம் வேண்டாம், தண்ணி வேண்டாம், எந்தப் பிராணிக்கும் கஷ்டம் இல்ல. வீகன் கம்பளின்னு பேர் வைக்கலாம். உலகத்துல யார்கிட்டயும் இது கிடையாது” என்றார். பிரபா மறுத்துப் பேச வாயைத் திறந்தாள். வந்த வார்த்தை, “பார்க்கிறேன் சார்” என்பதுதான். அதற்குப் பிறகு அவள் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை, எல்லாம் தானாக நடந்தது. நகரத்துச் சுவர்களே இனி நார்ப்பண்ணைகள் என்று பத்திரிகைகள் எழுதின. டெல்லியில் ஒரு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டிய அன்றெல்லாம் சுவர் வேகமாக வளர்ந்தது. டெல்லியிலிருந்து அவள் திரும்பியபோது தெற்குச் சன்னல்கள் திறக்க முடியாமல் மூடிப்போயிருந்தன.

மார்கழி பிறந்ததும் சுவர் நடுங்கத் தொடங்கியது. குளிர் அதிகமான காலைகளில் அடுக்களை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. நிலநடுக்கமோ என்று சுப்பு டிவியைப் போட்டுப் பார்த்தார். இல்லை. பிரபா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் கதகதப்பாக இருந்தது. வெளியே சந்தில் ஆட்கள் மஃப்ளரும் மங்கி கேப்புமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், இந்த அறை மட்டும் சித்திரை மாதம்போல இருந்தது. இத்தனை சூடு இங்கே வந்து சேர்ந்துவிட்டதென்றால் அங்கே என்ன மிச்சம் இருக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. ஃபோனை எடுத்துக் கல்பனாவை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். மதியம் அழைத்தாள். மறுநாள் வகுப்புகளுக்கு நடுவே அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கீழே இறங்கிப்போய், “ஏங்க, அது காளான் இல்ல” என்றாள்.

“தெரியும்.”

“எப்பத்துல இருந்து?”

“ஆடியில இருந்தே. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்.” சுப்பு தராசைத் துடைத்து வைத்தார். “எங்க போவணும்னு சொல்லு. கடையைச் சாத்திட்டு வாரேன்.”

கேனிங் லோக்கல் ரயிலில் போய், ஆட்டோவில் மாறி, படகுத்துறையில் காத்திருந்து அவர்கள் நோனாபாடாவில் இறங்கினார்கள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று சுப்பு பிடிவாதமாக ஒரு கட்டு அப்பளமும் காப்பித்தூளும் கொண்டுவந்திருந்தார். கரையோரப் பாதையில் நடக்கும்போதே பிரபா ஆடுகளைப் பார்த்துவிட்டாள். சேற்று நீரில் வழக்கம்போல முழங்காலளவு இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் உடம்பில் ஒரு மயிர்கூட இல்லை. சாம்பலும் இளஞ்சிவப்புமாகத் தோல் சுருங்கி, உரித்த கிழங்குபோல இருந்தன. சிலவற்றின்மேல் சிமெண்ட் சாக்கு கட்டியிருந்தது, சிலவற்றின்மேல் கிழிந்த சேலை. ஒரு குட்டிக்கு மட்டும் பள்ளிக்கூட ஸ்வெட்டர், கைகளை மடித்துவிட்டுப் போட்டிருந்தது. பிரபா நின்றுவிட்டாள். சுப்பு அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

கல்பனாவின் மண்வீட்டில் ஒரு பக்கச் சுவருக்குப் பதில் தகரம் அடித்திருந்தது. அவள் புருஷன் வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். கல்பனா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எந்த அதிசயமும் காட்டாமல், “வாங்க திதிமணி. ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க” என்றாள். சுப்புவைப் பார்த்து, அண்ணன் முறையில், “தாதா, அந்த மணைமேல உட்காருங்க” என்றாள். தேநீர் போட்டாள்.

“கல்பனா, ஆட்டுக்குக் கம்பளி...” என்று பிரபா தொடங்கினாள்.

“உங்ககிட்டதானே இருக்கு.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. சந்தையில் இன்ன பொருள் இன்ன கடையில் கிடைக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். இரண்டாம் வருடக் கம்பளியை ஊர் முழுக்க அலசிக் காயவைத்துக் கல்பனா வீட்டில்தான் கொண்டுவந்து அடுக்கினார்களாம், அவள்தானே பொறுப்பேற்றவள். மூன்றாம் வருடமும் அடுக்கினார்கள். புயல் அன்று ஆறு கரை மீறி வீட்டுக்குள் வந்தது. உப்புத் தண்ணீர் குடித்த கம்பளி ஊதிப் பெருத்துச் சுவரைத் தள்ளியது. சுவர் புருஷன் காலின்மேல் விழுந்தது. இப்போது நடக்கிறான், படகேறி மீனுக்குப் போவதில்லை. அந்தப் புயலுக்குப் பிறகு பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கும் கம்பளி இல்லை. பெரிய ஆடுகளுக்குக் கத்தரித்த பிறகு முளைக்கவில்லை. “திதிமணி கடைசியில எடுத்துக்கிட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கிட்டோம். சுவர்ல வந்திருக்குன்னு மொபைல்ல பார்த்தோம். நம்ம கம்பளிதான், பார்த்ததும் தெரிஞ்சுது. நீங்க சொன்னபடி வாங்கிட்டீங்க. அவ்வளவுதான்.”

பிரபா தேநீரைக் கீழே வைத்தாள். “நான் ஃபோன் பண்ணினேன். நீ எடுக்கலையே.”

“எடுத்தா என்ன சொல்லப் போறீங்க? பார்க்கிறேன்னு சொல்லுவீங்க.”

வாசலில் வலை பின்னுகிறவனின் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. “என்னை மன்னிச்சிடு கல்பனா” என்றாள் பிரபா. அதைச் சொல்லும்போதே, இதுவும் தனக்காகக் கேட்பதுதான், இவளுக்கு இதில் ஒன்றும் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்தது.

கல்பனா கொஞ்சம் யோசித்தாள். “நான் மன்னிச்சா குட்டிக்குச் சூடு வருமா? பௌஷ மாசம் பாதி போயிடுச்சு. மாகம் வந்தா குளிர் இன்னும் ஏறும், நிறையச் சாகும், வருஷா வருஷம் சாகுது. அதுக்கு ஏதாவது பண்ண முடிஞ்சா பண்ணுங்க. முடியலைன்னா முடியலைன்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க.”

“பண்றேன்” என்றாள் பிரபா.

கல்லூரியில் வீகன் கம்பளியின் வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து துணி வியாபாரிகள் வந்திருந்தார்கள். பிரபா மேடையேறி, இந்தக் கம்பளிக்கு ஆடு இருக்கிறது, அது இப்போது வெறும் உடம்போடு குளிரில் நிற்கிறது, கம்பளி அதற்குப் போகப்போகிறது என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அரங்கத்தில் யாரும் கைதட்டவில்லை. குருபிரசாத் அவளைத் தன் அறைக்கு அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். “மேடம், நீங்க நல்லவங்கதான். ஆனா ஆட்டுக்குக் கோட்டு தைக்கிறது ஃபேஷன் இல்ல” என்றார். துறைத்தலைமை வேறொருவருக்குப் போயிற்று. பிரபா சண்டை போடவில்லை. தண்டனை கிடைத்தால் மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள். லேசாகவில்லை.

கோட்டுகள் கோமதி ஸ்டோர்ஸின் கோடவுனில் தயாராயின. இறுதியாண்டு மாணவி மேக்னா தன் தோழிகளோடு வந்து சேர்ந்தாள். குளிர்காலத்தில் வில்லை மீட்டிக்கொண்டு தெருத்தெருவாக ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குப் பஞ்சடிக்க வரும் துனுரி ஒருவரைப் பிடித்துக் கம்பளியை அடிக்கச் சொன்னார்கள். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடித்தார். வெந்நீரும் சோப்புமாகக் கம்பளியை மிதித்து மிதித்துக் கெட்டித் துணியாக்கினார்கள். சுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் மிதித்தார். இரண்டு மாணவிகள் அளவுநாடாவோடு நோனாபாடாவுக்குப் போய்க் கழுத்தும் மார்பும் அளந்து வந்தார்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் ஒருவருக்கு உடை தைப்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. முதலில் தைத்தது தலைக்குமேல் வந்து கவிழ்ந்தது, பிரித்து மறுபடி தைத்தார்கள். மாகக் குளிரில் மங்கி கேப் இல்லாமல் எந்த ஜீவனும் வெளியே போகக்கூடாது என்று நம்பி வளர்ந்தவள் மேக்னா. அவள் குட்டிகளுக்காகக் காதுக்கு ஓட்டை விட்டுக் குல்லாயும் தைத்தாள்.

கிளம்ப வேண்டிய நாளில் மூடுபனி இறங்கிவிட்டது. படகுகள் ஓடவில்லை. அடுத்த நாளும் ஓடவில்லை. படகுத்துறையில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து பிரபா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கரை தெரியவில்லை, தண்ணீரே தெரியவில்லை. பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த வாரங்களையும், காளான் என்று சொன்ன நாட்களையும், கைதட்டல் வாங்கிய மாலைகளையும் நினைத்துக்கொண்டாள். அவற்றில் எந்த ஒன்றை விட்டிருந்தாலும் இந்தப் பனிக்கு முன்னால் அக்கரை சேர்ந்திருக்கலாம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கல்பனா வீட்டுக்குப் பின்னால் வாழையிலை போட்டு மூடி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பிரபா ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தாள். ஸ்வெட்டர் போட்டிருந்த குட்டியும் அதில் இருந்தது. அவள் அழவில்லை, அழுவதற்குத் தனக்கு உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கல்பனா ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பிரபா தோண்டினாள். கை கொப்பளித்தது. சுப்பு மண்வெட்டியை வாங்கிக்கொள்ள வந்தபோது கல்பனா, “விடுங்க தாதா” என்றாள். புதைத்து முடிந்த பிறகுதான் மூட்டைகளைப் பிரித்தார்கள். உயிரோடிருந்த ஆடுகளை ஊரே பிடித்துக் கொடுத்தது. கோட்டைப் போட்டதும் ஒவ்வொரு ஆடும் சற்று நேரம் அசையாமல் நின்று, தன் உடம்பைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு, சேற்றில் இறங்கி மேயத் தொடங்கியது. பவானிபூர்ச் சுவர் அன்றோடு நடுங்குவதை நிறுத்திவிட்டது என்று வீட்டைப் பார்த்துக்கொண்ட ஹோமியோபதி டாக்டர் பிற்பாடு சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் விசேஷமாகச் சொல்ல அதிகம் இல்லை. பிரபா கல்லூரியில் முதலாண்டு வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தாள். சந்தில் காளி பூஜை முடிந்ததும் மூங்கில் கட்டுவதும், சுவரைக் கத்தரிப்பதும், துனுரி வருவதும், வேலை செய்வதற்கு வேறு வேறு மாணவிகள் வந்து சேர்வதும் வழக்கமாயின. பழைய கோட்டுகளுக்கு ஒட்டுப் போட நோனாபாடாப் பெண்களே கற்றுக்கொண்டார்கள். அக்கம்பக்கத் தீவுகளில் நோனாபாடா ஆடு என்றால் உடுத்திக்கொண்டு வரும் ஆடு என்று ஆயிற்று. சந்தைக்கு வருகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு தையலையும் இழுத்துப் பார்த்தார்கள். சில மாகங்களில் குட்டிகள் சாகத்தான் செய்தன. செய்தி வரும்போதெல்லாம் பிரபா முதல் படகைப் பிடித்துப் போய், தானே குழி தோண்டினாள். வேண்டாம் என்று கல்பனா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வேலை முடிந்தால் தேநீர் கொடுப்பாள். நாளடைவில், தேநீரோடு ஊர் வம்பும் கொஞ்சம் சேர்ந்து வரத் தொடங்கியது. அதற்குமேல் ஒன்றும் பிரபா எதிர்பார்க்கவில்லை.

போன வருடம் பங்குனியில், சொறி பிடித்த ஆடுகளுக்கு மருந்து கொண்டுபோயிருந்த அன்று, கல்பனாவின் கிழட்டு ஆடு ஒன்று குட்டி போட்டது. மூன்று குட்டி. இரண்டு வழக்கம்போல வழவழவென்று வந்தன. மூன்றாவதைத் துடைத்துக்கொண்டிருந்த கல்பனா கையை நிறுத்தி, “திதிமணி, இங்க வாங்க” என்றாள். குட்டியின் இடது காதுக்குப் பின்னால், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, ஈரமாக ஒரு கொத்துக் கம்பளி ஒட்டிக்கொண்டிருந்தது. பிரபா விரலால் தொட்டாள். முரட்டுக் கம்பளி. செய்தி பரவி ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, காதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிரபா கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். “கல்பனா, இதுக்கு என்ன அர்த்தம்?”

“ஒரு கொத்துக் கம்பளின்னு அர்த்தம்” என்றாள் கல்பனா. “அந்தத் துணியை எடுங்க. தாய் நடுங்குது.”

சற்று நேரத்தில் சுப்புவின் அழைப்பு வந்தது. பிரபா முதல் மணியிலேயே எடுத்தாள். தெற்குச் சுவரில், சன்னலுக்குக் கீழே, ஒரு காசு அகலத்துக்குக் கம்பளி உதிர்ந்து காரை தெரிகிறது என்றார் அவர். காற்றுக்கு உதிர்ந்ததோ என்று தடவிப் பார்த்தாராம், அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கிறதாம்.

“சுண்ணாம்பு தொட்டு வச்சிரவா?”

“வேண்டாங்க. அப்படியே கெடக்கட்டும்.”

சுப்பு சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார். “இந்தக் கணக்குல போனா, மொத்தமும் திரும்பிப் போய்ச் சேர நம்ம காலம் காணாது பிரபா” என்றார்.

“காணாதுதான்” என்றாள் பிரபா. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, புதுக் குட்டிக்கான கோட்டை மடியில் விரித்து, அந்தக் கொத்து வளர இடம் விட்டு, இடது காதுப் பக்கம் கழுத்துத் துணியைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டாள்.